வெள்ளைக்கு ஒரு ஸ்தோத்திரம்

"கேசரியை வேண்டாம்னுட்டாங்களா? கெஸியாக்காவா?"

ரொனால்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தான்.

அவன் மனைவி பெட்டி, கேசரித் தட்டை மேசைமேல் வைத்தாள். "ஏனுங்க, தட்டைத் தொடக்கூட இல்லைங்க. 'இன்னிக்கு வேண்டாம் பெட்டி'ன்னு கதவைச் சாத்திட்டாங்க."

"சாத்தாம என்ன செய்வாங்க? உன் கன்னத்துல வெள்ளை விழுந்திருக்குல்ல, ஒட்டிக்கும்னு பயம்! இவங்க சர்ச்சுல பெண்கள் ஐக்கியச் செயலாளர் வேற. வாயைத் திறந்தா வசனம்!"

அருவங்காடு குவார்ட்டர்ஸில் இரண்டும் அடுத்தடுத்த வீடு. கெஸியா இடித்துத் தரும் மிளகுப்பொடி இல்லாமல் இங்கே ரசம் வைத்ததே கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷி இப்படிச் செய்தால் வலிக்காதா?

"விஷயத்தைச் சொல்லிடலாமுங்களே?" என்றாள் பெட்டி.

"சொல்லு. நாளைக்கே வரிசையா வந்து துக்கம் விசாரிப்பாங்க. உசுரோட இருக்கறவளுக்கு எதுக்கு அது?"

விஷயம் இதுதான். போன வருஷம் பெட்டியின் குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. புற்று. வெட்டி எடுத்தும் அடங்காமல் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "கால்ல புண்ணு" என்றே சொல்லி வைத்தார்கள்.

கோயம்புத்தூர் டாக்டர், ஃபேக்டரிக்காரனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்.

"உங்க கேட்ல பாஸ் காட்டினா உள்ள விட்டுருவாங்கல்ல? இந்தப் புற்றும் மேல ஒரு புரதத்தைப் பாஸ் மாதிரி மாட்டிக்கிட்டு நிக்குது. உடம்புல காவல் காக்கற அணுக்கள் அதைப் பாத்துட்டு, 'நம்ம ஆளுதான்'னு விட்டுடுது. இப்ப ஏத்தப்போற மருந்து அந்தப் பாஸைச் செல்லாமப் பண்ணிடும்."

மருந்து ஏறியது. மாதங்கள் போயின. பிழைப்பாளா மாட்டாளா என்று ரொனால்ட் பாதி ஆளாகிவிட்டான். அந்த நேரத்தில்தான் பெட்டியின் கன்னத்தில் வெள்ளை விழுந்தது. இது வேறயா என்று அவள் அழுதுகொண்டே போனாள். டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அழாதீங்கம்மா! காவல்காரன் முழிச்சுக்கிட்டான். உங்க புற்றும், தோலுக்கு நிறம் குடுக்கற அணுவும் ஒரே வம்சம். அவன் ரெண்டையும் சேத்து வெளுத்து வாங்கறான்! எல்லாருக்கும் இப்படி வராது. வந்தா நல்ல அடையாளம்."

ஸ்கேனும் அதையேதான் சொன்னது. நுரையீரலில் இருந்ததெல்லாம் சுருங்கிப்போய்விட்டது. அந்தக் கேசரி அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ரொனால்டும் நன்றி சொல்லி ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டான். புற்று என்று எழுத மனசு வரவில்லை. 'என் மனைவி பெட்டியின் முகத்தில் வெள்ளை வந்ததற்காக' என்று மட்டும் கவர்மேல் எழுதினான்.

போதகர் ஒவ்வொன்றாக வாசித்தார். "சந்துரு, ஜெபிஷா தம்பதியின் திருமண நாளுக்காக..." அடுத்த கவரைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளை வந்ததற்கு யாராவது ஸ்தோத்திரம் சொல்வார்களா? பாவம், மனக்கஷ்டத்தில் மாற்றி எழுதிவிட்டான் என்று அவரே திருத்திக்கொண்டார்.

"சகோதரி பெட்டியின் முகத்திலுள்ள வெள்ளை முற்றிலும் மறைய, ஒருமனமாய் ஜெபிப்போம்."

சபை மொத்தமும் கண்ணை மூடியது.

"ஆண்டவரே, இந்த வெள்ளையை அடியோடு..."

"ஐயா, நிறுத்துங்க!" ரொனால்ட் பெஞ்சை விட்டு எழுந்து நின்றான். "அது போகக் கூடாதுங்க! இன்னும் வந்தாலும் வரட்டுங்க!"

"அட கிரகமே, புத்தி கித்தி பிசகிடுச்சா?" பெண்கள் பக்கம் சலசலத்தது. "கட்டினவ மூஞ்சி இப்படி ஆனதுல இவனுக்கு என்ன சந்தோஷம்?"

பெட்டி எழுந்தாள். இத்தனை நாளாகக் கன்னத்தை மறைத்திருந்த முக்காட்டை இறக்கிவிட்டாள். புற்று வந்தது, அது பாஸ் மாட்டிக்கொண்டு நின்றது, காவல்காரன் விழித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டில் தினமும் பாஸ் காட்டுகிற சனம், அதனால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"இது எனக்கு வந்த நோயில்லைங்க," என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "என் நோய்க்கு விழுந்த அடிங்க!"

கோயில் என்றும் பார்க்காமல் கை தட்டினார்கள். "அல்லேலூயா!" என்று பாடகர் குழுவிலிருந்து ஒரு குரல் கூரையைப் பிளந்தது. போதகரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கெஸியா மட்டும் முன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். ரொனால்டுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்பவாவது எங்க ஊட்டுக் கேசரியைத் தொடுவீங்களாக்கா? ஒட்டிக்காது, பயப்படாதீங்க!"

"அட பாவி, ஒட்டிக்கும்னா நான் வேண்டாம்னேன்?" என்று கெஸியா நிமிர்ந்தாள். அவனை அதோடு விட்டுவிட்டு, பதறிப்போய் இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"ஆண்டவரே! இந்தப் பிள்ளை முகத்து வெள்ளை போகணும்னு, ஒரு மாசமா வெள்ளிக்கிழமை தவறாம பச்சைத் தண்ணி பல்லுல படாம உபவாசம் இருந்து கேட்டேனே... அதை மட்டும் காதுலயே வாங்கிக்காதேயும் சாமி!"