கட்டைவிரலுக்கு அடியில்

“என் உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சிட்டியேடா, மிக்கியோன்.”

தோப்பே அதிரும்படி கத்தினார் ஆர்கியாஸ். ஆலிவ் கிளைகளைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் கோலை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். சண்டை என்றால் யாருக்கு வேலை ஓடும்?

நேற்று ஏதென்ஸில் அவர் மேல் வழக்கு. போன வருஷம் பொதுப் பாதையை மடக்கிப் புதிதாகச் சுவர் எழுப்பிவிட்டார் என்று. காலையில் குடிமக்களுக்குள் சீட்டுக் குலுக்கி ஐந்நூறு பேரை நீதிபதிகளாக உட்கார வைத்தார்கள். அதில் ஒருவன் அவருடைய கூலியாள் மிக்கியோன். தீர்ப்பு அவருக்கு எதிராகப் போய்விட்டது.

நீதிபதி ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வெண்கல வில்லை. வில்லையின் நடுவே செருகிய சிறு தண்டில் துளை இருந்தால் குற்றவாளி, துளை இல்லாவிட்டால் நிரபராதி. தண்டின் முனைகளை விரலால் மூடிக்கொண்டுதான் ஒன்றைப் பானையில் போட வேண்டும். எது விழுந்தது என்று போட்டவனுக்கு மட்டுமே தெரியும்.

“பஞ்சத்துல பார்லிக்கு யார்கிட்ட வந்து நின்னே?”

“உங்ககிட்டதான்.”

“குடியிருக்கிற குடிசை யாரோடது?”

“உங்களோடது.”

“அப்ப சொல்லு. எந்த வில்லையைப் போட்டே?”

“அது சொல்றதுக்கில்ல.”

ஆர்கியாஸ் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“சரி, எனக்குச் சாதகமாத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பிடறேன். வேலையும் உனக்கு, குடிசையும் உனக்கு.”

மிக்கியோனின் மனைவி மெலித்தா ஓடிவந்தாள். “சொல்லித் தொலையேன்யா. வாயில என்ன, அத்திப்பழமா அடைச்சிருக்கு? பொய்யானாலும் பரவால்ல, சொல்லிடு.”

குளிர்காலம் வேறு வரப்போகிறது. ஆனாலும் மிக்கியோன் கோலைக் கீழே வைத்தான்.

“ஆர்கியாஸ், தோப்புல நீங்க சொன்னதை நான் மறுத்துப் பேசினதில்ல. அந்த நீதிபதிப் பலகையில உக்காந்தா பானையில போட உங்களுக்கும் ஒரே வில்லைதான், எனக்கும் ஒரே வில்லைதான். இன்னைக்கு நான் வாயைத் திறந்தா, நாளைக்கு இங்க நிக்கிற ஒவ்வொருத்தன்கிட்டயும் அவனவன் முதலாளி கேப்பான். என்னால முடியாது.”

“அப்ப மூட்டையைக் கட்டு.”

கட்டினார்கள். வழக்குக்குக் காரணமான சுவரை ஒட்டியே நடந்தார்கள். மெலித்தா மூக்கைச் சிந்தினாள்.

“நீ எதிராத்தான் போட்டிருக்கே. இல்லேன்னா சொல்லியிருப்பியே. கட்டின பொண்டாட்டி, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?”

“உங்கிட்டயும் சொல்றதுக்கில்ல, மெலித்தா.”

சுவரின் அடிக்கற்களில் பாசி படர்ந்து கறுத்திருந்தது. ஒரு வருஷத்தில் ஏறுகிற பாசி இல்லை அது. சுவர் பழையது என்று நேற்று மற்றவர்கள் நம்பாததை அவன் நம்பினான். அவன் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த தண்டில் துளை இல்லை. ஆர்கியாஸ் நிரபராதி என்றுதான் அவன் போட்டிருந்தான்.