அடி விழும் முன்

அப்பாவை இனிமேல் நீதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தம்பி சொன்னான். அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

முன்கூட்டிச் சொல்லாமல் வந்திருந்தான். சண்டைக் கேம் உருவாக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் ஒதுங்கிப் பேச வேறு இடம் கிடையாது. அதனால் கேமைச் சோதித்துப் பார்க்கும் அறைக்குக் கூட்டி வந்திருந்தாள். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி, பஞ்சு பிதுங்கிய சோபா, தரையோடு டேப் போட்டு ஒட்டிய ஒயர்கள்.

வந்தவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, தனியாக விட முடியவில்லை என்றான். இத்தனை வருடம் தான் பார்த்தாயிற்று, இனி அக்கா முறை என்றான்.

முடியாது என்றாள்.

ஏன் என்று அவனுக்குத் தெரியும். படிப்பு முடிந்த கையோடு வீட்டை விட்டு வெளியேறியவள் அவள். அப்பா கை நீட்டி அடிக்கிறார் என்று அவள் சொன்னபோது, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அக்கா கதை கட்டுகிறாள் என்று சொன்னவன் இதே தம்பிதான். அப்போது சின்னப் பிள்ளை, சரி. வளர்ந்த பிறகும் அந்தப் பேச்சை அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

"உன்னைத்தான் தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடினாரு. நீயே வச்சுக்கோ," என்றாள்.

அவன் வாயெடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு டெஸ்டர் வந்துவிட்டான். கேமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாள் முழுக்க விளையாடுவதுதான் அவன் உத்தியோகம். எதிரே நிற்பவர் முகத்தைப் படிக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. புது ஆள் சிக்கிய குஷியில் கன்ட்ரோலரைத் தம்பி கையில் திணித்து, பெரியவரிடம் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டு போகச் சொன்னான்.

பெரியவர் என்பது கேமின் கடைசி எதிரிக்கு அலுவலகத்தார் வைத்த பெயர்.

இப்போது வரும் கேம்களில் எதிரி கை ஓங்கினால் சிவப்பு வட்டம் மின்னும், இதோ தடு என்று திரையே சொல்லிக் கொடுக்கும். செத்தாலும் விழுந்த இடத்திலேயே எழுந்துகொள்ளலாம். இவர்கள் அந்தச் சலுகைகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய கேம்களின் முறையைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். ஒரே உயிர். விழுந்தால் முதலிலிருந்து. தடுப்பதற்கு ஒரே பட்டன், அதையும் அடி மேலே படுகிற கணத்தில் அழுத்த வேண்டும். முந்தினாலும் அடி, பிந்தினாலும் அடி. எது எப்போது வரும் என்று எதிரியின் உடம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் அடிகூட வாங்காமல் பெரியவரை வீழ்த்தியவர் அலுவலகத்தில் யாருமில்லை. டெஸ்டரே ஆத்திரத்தில் ஒரு கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்து உடைத்திருந்தான். பெரியவரை அசைய வைத்தவள் அவள்; அந்த உருவத்தின் ஒவ்வொரு அசைவும் அவள் வரைந்தது.

தம்பி கேம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவன் அடி வாங்குவதைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று அவள் சோபாவின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள்.

முதல் அடி வந்தது. தடுத்தான்.

குருட்டு அதிர்ஷ்டம் என்றான் டெஸ்டர்.

அடுத்தது, கையை ஓங்கிவிட்டு, எதிராளி பதறுவதைப் பார்த்து ரசித்து, அதன்பின் இறக்குகிற அடி. பதறிப்போய் முன்னதாகவே பட்டனை அழுத்தி ஏமாறாதவர்கள் இல்லை. தம்பி பதறவில்லை. காத்திருந்தான். தடுத்தான்.

பெரியவர் கோபம் தணிந்தவர்போல முதுகைக் காட்டி நடந்தார். டெஸ்டர் தனக்குள் சிரித்துக்கொண்டான். நடந்தவர் சட்டென்று திரும்பிப் புறங்கையை வீசினார். அதையும் தடுத்தான்.

டெஸ்டர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

அவள் திரையை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. முழங்கைகள் விலாவோடு இறுகியிருந்தன. அவ்வளவு பெரிய ஆள் சோபாவின் ஒரு மூலையில் அடங்கிப் போயிருந்தான். பெரியவரின் கையை அவன் பார்க்கவே இல்லை. வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் பெரியவர் மண்டியிட்டார்.

இதுவரை என்னென்ன கேம் விளையாடியிருக்கிறீர்கள் என்று டெஸ்டர் கேட்டான். ஒன்றுமில்லை என்றான் தம்பி. நம்பாமல், மற்றவர்களைக் கூட்டி வர டெஸ்டர் வெளியே ஓடினான்.

அந்த அசைவுகளை எங்கிருந்து எடுத்தாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. முகத்தை மாற்றியிருந்தாள், உயரத்தை மாற்றியிருந்தாள், உடையை மாற்றியிருந்தாள். கை ஓங்குவதற்கு முன்னால் வலது தோள் லேசாக இறங்குமே, அதை மட்டும் இருந்தபடியே விட்டிருந்தாள். அது அப்பாவின் தோள்.

அந்த வீட்டில் அதைப் பார்த்துப் பழக வேண்டிய தலையெழுத்து தனக்கு மட்டும்தான் என்று இந்த நிமிடம்வரை நினைத்திருந்தாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

தம்பி கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். திரையில் மண்டியிட்டிருந்த உருவத்தைப் பார்த்தான்.

"இடது கையை விட்டுட்டியே, அக்கா," என்றான். "அது நீ போனதுக்கு அப்புறம் அவர் பழகினது."