ஏழு மணி வரை

டியூட்டிப் பலகையில் கேப்டன் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். இருக்காது என்று தெரியும். தெரிந்தும் மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

போன வாரம் வரை அந்தப் பெயரைக் கண்டாலே முகத்தைச் சுளித்துக்கொண்டவள்தான்.

உள்ளே ஆபரேஷன் தியேட்டரில் அவளுடைய வீட்டுக்காரர் இருந்தார். நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷன். முடிந்ததும் இந்தத் தீவிர சிகிச்சை வார்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். எட்டு வருஷமாக அவள் நர்ஸாக இருக்கிற இதே வார்டு.

முதல் சில மணி நேரம்தான் கண்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சிலோ நாடியிலோ துளி மாற்றம் வந்தாலும் உடனே யார் கண்ணிலாவது பட வேண்டும்.

அப்படிப்பட்ட கண் இந்த வார்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. கடுகு.

ஆள் குள்ளம், நாக்கு காரம். பட்டப்பெயர் வைத்ததே கேப்டன்தான். மானிட்டர் கத்துவதற்கு முன்பே கடுகு படுக்கையருகில் நிற்பாள். ஆனால் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வெட்டும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். தப்பென்று பட்டால் பெரியவள் சின்னவள் பார்க்காமல் மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவாள்.

போன மாதம் ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே, கேப்டன் எழுதிய சார்ட்டைப் பிடுங்கி நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

மானம் போயிற்று. கேப்டனால் அதைத் தாங்க முடியவில்லை.

கேப்டன் என்பது காலேஜில் த்ரோபால் டீமை நடத்தியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அப்போதே அவள் கணக்கு அதுதான்: நன்றாக ஆடுகிறவளைவிட ஒத்து ஆடுகிறவள் போதும். கைக்கு வந்த பந்தை ஒருநாளும் தவறவிடாத ஒருத்தியை, யாரோடும் ஒட்டவில்லை என்று வெளியே உட்காரவைத்தாள். கோப்பையும் வந்தது. பிறகென்ன!

அதே கணக்கை இங்கேயும் போட்டாள். 'டீமோடு ஒத்துப்போவதில்லை' என்று ஒரு புகார். ஆறு கையெழுத்து. முதல் கையெழுத்து அவளுடையது.

"நல்லா யோசிச்சுத்தானே எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டார் தலைமை நர்ஸ்.

திங்கட்கிழமை கடுகை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். அன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை. ஆனாலும் கேக் வெட்டினார்கள்.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எத்தனையோ பேருக்குக் காய்ச்சல் பார்த்தவள், இன்றைக்குத்தான் அதைத் தெரிந்துகொண்டாள்.

"ஏன்க்கா இப்படி நிக்கிறீங்க? நாங்க இருக்கோம்ல!"

சிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைய டியூட்டி நர்ஸ். புகாரில் இரண்டாவது கையெழுத்து இவளுடையது. எதற்கும் முகம் கோணாதவள். இந்த வார்டின் நெளிவு சுளிவெல்லாம் கேப்டனிடம்தான் கற்றுக்கொண்டாள்.

"உங்க கூடவே உக்காந்திருக்கணும்னு, எல்லா வேலையையும் முன்னாடியே முடிச்சு வச்சுட்டேன்க்கா."

தங்கமான பெண். கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் எண் படுக்கை தயாராக இருந்தது. வெள்ளை வெளேரென்ற விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கால்மாட்டில் வீட்டுக்காரர் பெயர் எழுதிய சார்ட் தொங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு மணி: நாடி எழுபத்தெட்டு. மூன்று மணி: எண்பது. நாலு மணி: எழுபத்தாறு. இப்படியே ஏழு மணி வரை. பக்கத்திலேயே ரத்த அழுத்தம், மூச்சு. ஒவ்வொரு மணிக்கும் சின்னச் சின்ன வித்தியாசம். ஒரே எண்ணாக எழுதினால் மாட்டிக்கொள்வாய் என்று கேப்டன் சொல்லிக்கொடுத்தது அப்படியே இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை.

கடுகு அன்றைக்குக் கிழித்ததும் இப்படி ஒரு தாளைத்தான்.

கிழித்துவிடலாம் என்று கேப்டனின் கை போயிற்று. சிட்டு சிரித்த முகமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

ஏழு மணி வரைக்கும் வீட்டுக்காரர் நன்றாகத்தான் இருந்தார். படுக்கைக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.