நம்பும்படி இல்லை

என் முதல் நாவலுக்குச் சராசரி நான்கு நட்சத்திரம் கிடைத்தால்தான் இரண்டாவதை அச்சிடுவேன் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். விமர்சனம் எழுதியவர்கள் மொத்தமே நான்கு பேர். சராசரி மூன்றரையில் நின்றது.

காரணம் ஒரு வாசகி.

"ஒரு நட்சத்திரம். அழையாமல் வந்து வீட்டில் தங்கி, பிரிட்ஜில் இருக்கும் டப்பாக்களில் எல்லாம் தேதி எழுதி ஒட்டி, உயிரை வாங்கும் தோழி நிஜத்தில் இருக்க முடியாது. நம்பும்படி இல்லை."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேசைத் தோழியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"இதுக்கெல்லாம் போய் அழுவாங்களாடி?" என்றாள்.

மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டாள். மூன்றாம் நாள் போன் செய்தேன்.

"உடம்பு எப்படிடி இருக்கு?"

"தேவலாம். சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டு உன் நாவலத்தான் சத்தமா படிச்சிட்டிருக்கேன்."

"யாருக்குடி?"

"இங்க ஒரு அக்கா இருக்காங்க. நூத்தி இருபதாம் பக்கம் வந்துட்டோம்."

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிரும்."

அன்று மாலை சராசரி நான்கரை ஆகியிருந்தது. அந்த வாசகி தன் விமர்சனத்தை மாற்றியிருந்தார்.

"ஐந்து நட்சத்திரம். இப்படி ஒரு தோழி இருக்க முடியும். என் வீட்டு முட்டைகளில்கூடத் தேதி ஒட்டியாகிவிட்டது. ஆசிரியர் தயவுசெய்து வந்து இவரை அழைத்துப் போகவும்."

செருப்பை மாட்டும்போதே தோழியின் செய்தி வந்தது.

"மூணு நட்சத்திரம் போட்டவரும் நம்ம லேபுக்கு வந்தவர்தாண்டி. ரிஜிஸ்டர்ல அட்ரஸ் இருக்கு, அனுப்பு. அப்படியே என் லீவையும் நீட்டிச்சிடு."