இருபதுக்கு ரெண்டு

"சாயங்காலம் அவ பஸ் ஏறட்டும். நாளைக்கு மொத வேலையா காஞ்ச மிளகாய அம்மியில வச்சி நச்சி எடுக்கிறேன்" என்றாள் வேளாங்கண்ணி.

"மெதுவாப் பேசுடி. காதுல விழப்போவுது" என்றாள் அம்மா அகஸ்டினா.

"விழட்டுமே. தமிழ் படிக்கத்தானே வந்தா?"

மர்த்தீன் பிரான்சிலிருந்து ஒரு செமஸ்டர் தமிழ் படிக்க வந்தவள். கல்லூரிக்காரர்கள் சாரம் பகுதியில் இவர்கள் வீட்டில்தான் அவளைத் தங்க வைத்திருந்தார்கள். நல்ல பெண்தான். ஒரே ஒரு குறை. வந்த அன்றே சாப்பிட உட்கார்ந்ததும், "மன்னிக்கவும், எனக்குக் காரம் ஆகாது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அன்றோடு அந்த வீட்டில் எல்லோர் நாக்கும் செத்தது. "ரெண்டு கொழம்பு வைக்க என்னால ஆவாது" என்றுவிட்டாள் அம்மா. ஐந்து மாதமாக மத்தி மீன்கூடத் தேங்காய்ப்பாலில்தான் வெந்தது. மில்லிலிருந்து வந்ததும் பச்சை மிளகாயைக் கடித்தபடி பழையது சாப்பிடுகிற அப்பா தனிஸ்லாஸ்கூட ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அதையே சாப்பிட்டார். வேளாங்கண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை.

காலையில் மர்த்தீன் ஒரு தாளை அவளிடம் கொடுத்திருந்தாள். தங்கிய வீட்டுக்காரர்கள் நிரப்பித் தர வேண்டிய பிரெஞ்சுத் தாள். பிரெஞ்சும் ஒரு பாடமாகப் படித்து, போன மார்ச்சில் பள்ளிக்கூடத்தை முடித்த வேளாங்கண்ணிக்கு மட்டும்தான் அந்த வீட்டில் பிரெஞ்சு எழுத வரும்.

"ஒவ்வொரு கேள்விக்கும் இருபதுக்கு மார்க் போட வேண்டும். எதிலாவது பத்துக்குக் கீழே போனால் இந்தச் செமஸ்டரை நான் மறுபடி படிக்க வேண்டும்" என்றாள் மர்த்தீன், தன் புத்தகத் தமிழில்.

"சாப்பாட்டுக்கும் மார்க்கா?"

"ஆம். வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் பழகினேனா என்று கேட்கிறார்கள். அங்கே கொஞ்சம் கருணை காட்டு, வேளா."

"எனக்குப் பொய் எழுத வராதுக்கா."

"தெரியும். அதுதான் பயம்."

போகட்டும், பாவம் பார்த்துப் பத்து போட்டுவிடலாம் என்றுதான் வேளாங்கண்ணி நினைத்தாள். அதற்குள், மர்த்தீனின் பெட்டியைக் கட்டக் கயிறு இல்லையென்று அம்மா கடைத்தெருவுக்கு அனுப்பினாள்.

பஜ்ஜிக் கடை வாசலில் மர்த்தீன் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, இன்னும் ரெண்டு மிளகாய் பஜ்ஜி. காரச் சட்னி நிறைய."

"எப்பவும்போலத்தான பாப்பா? ஊத்தியாச்சு."

மர்த்தீன் மிளகாயைக் காம்புவரை கடித்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

கயிறு வாங்க மறந்து வேளாங்கண்ணி வீட்டுக்கு ஓடினாள். ஒழுக்கத்துக்குப் பதினெட்டு, பேச்சுக்குப் பதினேழு. சாப்பாட்டுக்கு வந்ததும் பூச்சியம் போடத்தான் கை பறந்தது. ஆனால் ஒருநாள்கூடச் சோற்றை வீணாக்கியவள் இல்லை. நியாயம் நியாயம்தானே? அதற்கு ரெண்டு. பேனாவை அழுத்திப் போட்டாள்.

எட்டிப் பார்த்த அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ரெண்டு தெரிந்தது.

"அய்யோ மாதாவே! எதுக்குடி இந்த ரெண்டு?"

"சாப்பாட்டுக்கு. பொய்க்காரிம்மா அவ! நம்மள வெறுஞ்சோறு திங்க வச்சிட்டு, அங்க நின்னு மிளகாய் பஜ்ஜியா முழுங்கறா!"

அகஸ்டினா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவளப் பொய் சொல்லச் சொன்னதே நான்தான்டி."

"நீயா?"

"அவ ரெயூனியோன் தீவுல வளந்தவ, அதுவும் பிரான்சச் சேந்த எடம்தானாம். மிளகாய் இல்லாம சோறு எறங்காதாம். உங்கப்பாவுக்குத்தான் வயித்துல புண்ணு. காரம் தொட்டா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. 'பத்தியச் சோறு திங்க நான் என்னா சீக்காளியா?'ன்னு இந்த மனுசன் தட்டத் தள்ளுனாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. வீட்டுக்கு வந்த பொண்ணுக்காகன்னா மறுபேச்சுப் பேசாம சாப்புடுவாரு. அதான் அவ வந்து எறங்குனதுமே கையப் புடிச்சிக் கேட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"உங்கிட்டயா? மறுநாளே, 'சாப்டுப்பா, இது உனக்குத்தான் பத்தியம்'னு அவருகிட்டயே சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பாள்தான்.

"இப்ப எப்பிடிம்மா இருக்குது அப்பாவுக்கு?" வேளாங்கண்ணியின் குரல் இறங்கிவிட்டது.

"நேத்துதான் காட்டுனோம். புண்ணு ஆறிப்போச்சி. டாக்டரே ஆபரேஷன் வேணாம்னுட்டாரு." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

வேளாங்கண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தாளைப் பார்த்தாள். மசியில் எழுதியதை அழிக்க முடியாது. வேறு தாளும் கிடையாது. ஒரு நிமிடம் பேனாவைக் கடித்தவள், ரெண்டுக்குப் பக்கத்தில் ஒரு பூச்சியம் போட்டாள்.

இருபதுக்கு இருபது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தனிஸ்லாஸ் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார்.

"என்னா, தாயும் மவளும் கதவச் சாத்திக்கினு ரகசியம்?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அம்மா.

வேளாங்கண்ணியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அப்பா, மர்த்தீன் அக்காவுக்குக் காரம் நல்லாவே ஆவும்பா! பஜ்ஜிக் கடையில நின்னு மிளகாயா திங்குது!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தனிஸ்லாஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"மொத வாரமே தெரியும். உங்கம்மாவும் அதுவும் குசுகுசுன்னு பேசிக்கினது காதுல விழுந்திச்சி. எனக்காவ நாக்கக் கட்டிக்கினு ஒரு பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கும்போது, எனக்கு மட்டும் மிளகா எறங்குமா? அதான் பேசாம சாப்ட்டேன்."

"அப்ப அந்தக் கடை?"

"பாவம், அந்தப் பொண்ணு மட்டும் எத்தினி நாளைக்குத் தாங்கும்? கூட்டிக்கினு போய்க் காட்டுனதே நான்தான்."