இருபதைத் தாண்டணும்

"என்னது, பதினாலா? நல்லாப் பாரும் தம்பி. திங்கக்கிழமை பத்தொம்பதுல்லா இருந்துச்சு!"

தாஜ் முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டு லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டிய ஞானசிகாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. "பாய், இறங்கினா நல்லதுல்லா! உங்க வீட்டம்மா பொழச்சுக்கிட்டாங்க. சந்தோசப்படாம இப்படி இடிஞ்சுபோயிட்டீரே!"

"சந்தோசமாம் சந்தோசம்!" என்று முனகினார் பாய்.

பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியில் ஞானசிகாமணி ஒன்பது வருஷமாக ரத்தம் எடுக்கிறான். மழை முடிந்ததும் பரவிய வைரஸ் காமாலையில் இதுவரை எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. காமாலை அளவு ஏறினால் அழுவார்கள், இறங்கினால் கும்பிடுவார்கள். இந்த மனுஷன் மட்டும் தலைகீழ்! "இருபதைத் தாண்டிட்டா ஆளைக் காப்பாத்துறது கஷ்டம்" என்று பெரிய டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, "இருபதாச்சா? இருபதாச்சா?" என்று வந்து நிற்கிறார். பத்தொன்பது வந்த அன்று ஞானசிகாமணிக்கு டீயும் வடையும் வேறு வாங்கிக் கொடுத்தார், பாவி!

பாய் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏம் தம்பி, எண்ணெய்ப் பலகாரம், கோழி வறுவல்னு எதுவும் குடுத்தா பைய ஏறுமா?"

ஞானசிகாமணி ஓரடி பின்னால் நகர்ந்தான். "வே, நீரு மனுசன்தானா? கட்டின பொண்டாட்டிவே அது!"

"அவளுக்காவத்தான்வே கேக்கேன். சரி, ஏறவே வேண்டாம். ஒரு சீட்டுல இருபத்தொண்ணுன்னு எழுதித் தந்துரும். யாருக்குத் தெரியப்போவுது?"

இதற்கு மேலும் சும்மா இருந்தால் அவன் மனுஷனே இல்லை. அந்த அம்மா பேரில் வீடு வாசல் ஏதோ இருக்கிறது, கிழவர் அதற்குத்தான் குறி வைக்கிறார் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டு, விறுவிறுவென்று வார்டுக்குப் போனான்.

ஆபிதா பீவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் மஞ்சள் பாதி வடிந்திருந்தது. தட்டில் இருந்த இட்லியும் காலி.

"அம்மா, பதினாலுக்கு இறங்கிட்டு. இனி பயமில்ல. ஆனா ஒண்ணு சொல்லுதேன், மனசைத் திடப்படுத்திக்கோங்க. உங்க வீட்டுக்காரர் கையால எதையும் வாங்கித் திங்காதீங்க. இருபதைத் தாண்டணும்னு தவியாத் தவிக்காரு. பொய்ச் சீட்டு வேற கேக்காரு!"

ஆபிதா பீவியின் முகம் வாடிப்போனது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனசு என்ன பாடுபடும்! கண்ணைத் துடைக்க ஞானசிகாமணி பஞ்சை எடுத்து நீட்டினான்.

"அப்ப நீ எழுதித் தரமாட்டியாக்கும் தம்பி?" என்று விசும்பினார் ஆபிதா பீவி. "நாந்தான் அவுகளக் கேட்டுட்டு வரச் சொன்னேன். எம் மவன் முஆத் சவுதிக்குப் போயி ஆறு வருசமாச்சு. 'உம்மாவுக்கு இருபதைத் தாண்டின சீட்டு பேக்ஸ்ல வந்தாத்தான் லீவு, அதுக்குக் கீழன்னா அவுகளே பொழச்சுக்குவாக'ன்னு அந்த அரபி மொதலாளி சொல்லிட்டானாம்!"