தேன்புளித் தானம்

மாலை கழுத்தை அறுத்தது. ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை முத்துச்சாமிக்கு. ஒரு புளியமரத்துக்காக மேடையேறிய சம்சாரி நத்தம் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் தோட்டத்துத் தேன்புளி, வாயில் போட்டால் வெல்லம். வட்டாரத்துக்கே அது ஒரே மரம் என்ற பெருமையிலேயே மனிதருக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். யார் கேட்டும் ஒரு விதைகூடக் கொடுக்காதவர், திசு வளர்ப்புக் கூடத்து ஜெரின் கேட்டதும் இளகியது ஊருக்கே அதிசயம். மரத்துப் பக்கம் யாரையும் விடாமல், விடியலில் தானே கொப்பு ஒடித்து வந்து, மனைவி அய்யம்மாளிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

"ஐயா குடுத்த ஒரே கொப்புலருந்துதான் இம்புட்டுக் கன்னும்!" என்றார் ஜெரின் மைக்கில். "பாட்டில்ல வச்சு, துளிர்விட ஒரு ஹார்மோன், வேர்விட ஒரு ஹார்மோன் குடுத்து வளத்தோம். விதைக்கன்னு மாதிரி மாறிப் போகாது. தாய்மரம் எப்படியோ அச்சு அசல் அப்படியே காய்க்கும்."

முத்துச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளி பொன்னழகுவும் கன்று வாங்க வந்து நின்றார்.

"பத்தா எடுத்துக்கப்பா. கேணிக்கரை பூரா வையி," என்று தன் கையாலேயே அள்ளிக் கொடுத்தார் முத்துச்சாமி. பொன்னழகுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒங்களுக்கு எத்தன கன்னுங்கய்யா?" என்றார் ஜெரின்.

"எனக்கெதுக்குத் தம்பி? தாய்மரமே நம்மட்ட இருக்கு. ஊரு நல்லாருக்கட்டும்."

கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தால், அய்யம்மாள் கையில் ஒரு கன்று. "சித்தையன்கோட்டையில மக வீட்டுல வைக்கலாம்னு வாங்கியாந்தேங்க."

"தூக்கி எறி அந்தக் கழுதைய!" என்ற முத்துச்சாமி கதவைச் சாத்திவிட்டு, அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சிரித்துத் தீர்த்தார். "நம்ம மரத்துலயாடி நான் ஒடிப்பேன்? அன்னிக்கு ஒங்கிட்டக் குடுத்தது கம்மாக்கரை மரத்துக் கொப்பு! பூராம் சொத்தையாக் காய்க்குமே, அதேதான். பொன்னழகு வச்சு வளத்துத் தின்னு பாக்கட்டும்!"

அய்யம்மாள் சிரிக்கவில்லை. கன்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வைவீகன்னு இத்தன நாளாச் சொல்லாம இருந்தேன். நீங்க குடுத்தத அன்னிக்கே ஆடு தின்னுருச்சு... அந்தத் தம்பி வேற வந்து வாசல்ல நின்னுச்சா, ஓடிப்போயி நம்ம மரத்துலதாங்க ஒடிச்சுக் குடுத்தேன்!"